எழுதி வைத்த எண்ணை யார் படிக்கிறார்கள்?

வாசகர் கேள்விகள் - மருத்துவர் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வீட்டில் அளந்து வைக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றை என்ன செய்வது, அவை மருத்துவரிடம் போனால் என்ன ஆகின்றன என்பதே கேள்வி. கேரள - தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் நான் தினமும் பார்க்கும் விஷயம் என்பதால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டில் அளந்தால் என் கணவருக்கு ரத்த அழுத்தம் 130, 134 என்றுதான் வருகிறது. ஆஸ்பத்திரியில் 160 காட்டுகிறது. எழுதிக் கொண்டுபோன தாளை டாக்டர் வாங்கிப் பார்க்கவே இல்லை, மாத்திரையைக் கூட்டிவிட்டார். எந்த எண்ணை நம்புவது?
- வாசகி, வேலந்தாவளம்

பதில்: அம்மா, இரண்டு எண்ணும் உண்மையாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அழுத்தம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பஸ் பிடித்து வந்து, வரிசையில் நின்று, டோக்கன் எண் தப்பிவிடுமோ என்ற பதற்றத்தோடு உட்கார்ந்தவுடன் அளந்தால் 160 வருவதில் வியப்பில்லை. அதனால்தான் மருத்துவமனையில் 140/90 என்பதை எல்லையாக வைக்கும் மருத்துவ உலகம், வீட்டு அளவுக்கு 135/85 என்று தனி எல்லை வைத்திருக்கிறது. உங்கள் கணவரின் வீட்டு அளவு அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஆகவே அந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அவசரத்திலும் ஒரு பார்வையில் புரிகிற மாதிரி அந்தத் தாள் இருக்க வேண்டும். ஏழு நாள் எழுதுங்கள். காலையில் மாத்திரை போடுவதற்கு முன், மாலையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும், கால்கள் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காப்பியும் பீடியும் கூடாது. முதல் நாள் அளவைத் தள்ளிவிட்டு மற்ற ஆறு நாட்களின் சராசரியைத் தாளின் தலையில் பெரிதாக எழுதுங்கள். உங்கள் கருவியையும் ஒருமுறை எடுத்துப்போய், அங்குள்ள கருவியோடு அடுத்தடுத்து வைத்து அளந்து பாருங்கள். தோட்ட வேலை செய்து புஜம் பருத்தவர்களுக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகவே காட்டும். கூட்டிய மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். சராசரியை எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் மறுபடி போங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அன்றே போங்கள்.

வீட்டு அளவை மருத்துவர் பார்த்து மருந்தை மாற்றினால் பலன் உண்டா என்று இங்கிலாந்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் கட்டுப்படாத 1,182 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஓராண்டு கழித்து, மருத்துவமனை அளவை மட்டும் நம்பிச் சிகிச்சை பெற்றவர்களின் மேல் அழுத்தம் (இரண்டு எண்ணில் பெரியது) சராசரி 140.4. வீட்டில் அளந்து மருத்துவருக்குத் தபாலில் அனுப்பியவர்களுக்கு 137, குறுஞ்செய்தி வழியாக அனுப்பியவர்களுக்கு 136. சிறிய வித்தியாசம்தான். ஆனால் ஊர் முழுக்க அவ்வளவு இறங்கினால் பக்கவாதத்தின் எண்ணிக்கையும் குறையும்.

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை மாணவன். சர்க்கரை, ரத்த அழுத்தம், நடை போன்றவற்றைத் தாங்களே கணக்கு வைப்பவர்களைப் பற்றியும், அந்தக் கணக்கு மருத்துவமனையில் எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பற்றியும் எங்கள் எல்லைப் பஞ்சாயத்துகளில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். ஸ்மார்ட் வாட்ச் வைத்திருப்பவர்கள் இங்கே குறைவு. எங்கே தொடங்குவது, என்ன கேட்பது?
- மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் வெகுநாளாக எண்ணியதுண்டு. வாட்ச் குறைவு என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவிலேயே 2012இல் பியூ ஆய்வு மையம் மூவாயிரம் பேரிடம் கேட்டது. தனக்கோ, தான் கவனித்துக்கொள்பவருக்கோ ஏதாவது ஓர் உடல்நல அளவைக் கவனித்து வருவதாகச் சொன்னவர்கள் 69 சதவீதம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மனக்கணக்காக வைத்திருந்தார்கள். மூன்றில் ஒருவர் காகிதத்தில் எழுதினார். ஏதோ ஒரு கருவியையோ செயலியையோ பயன்படுத்தியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். ஆகவே வாட்ச் கட்டியவரைத் தேடிப் போகாதீர்கள். எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் அடுப்படி அலமாரியில் இருக்கும் நோட்டுகளைத் தேடிப் போங்கள்.

அப்படிப்பட்ட ஒரு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கள் இறக்கும் தொழிலில் இருந்து ஓய்ந்த ஒரு பெரியவருடையது, அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பால் சங்கத்துக் கணக்குக்காக வாங்கிய நீள நோட்டு அது. காலை, மாலை என்று லிட்டர் எழுதுவதற்காகப் போட்ட கட்டங்களில் அவருடைய மருமகள் சர்க்கரை அளவை எழுதியிருந்தார். காலைக் கட்டத்தில் 142, 138, 151 என்று ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று 231, 248, 262 என்று ஏறியிருந்தது. 248க்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "மாத்திரை தீர்ந்தது. வியாழன்தான் கிடைக்கும்." அதற்கடுத்த வாரம் மறுபடி 149.

எண்களை மட்டும் பார்த்திருந்தால் எந்த மருத்துவரும் மருந்தைக் கூட்டத்தான் யோசிப்பார். கூட்டியிருந்தால், மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கும் வாரத்தில் அந்தப் பெரியவர் தாழ் சர்க்கரையில் மயங்கி விழுந்திருக்கலாம். பென்சில் வரி இருந்ததால் அளவை மாற்றாமல், பத்து நாளுக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எந்த வாட்சும் இந்த ஒரு வரியைத் தானாக எழுதாது. உங்கள் ஆய்வு இந்த வரிகளைச் சேகரிக்க வேண்டும் என்பது என் விருப்பம். எண்ணுக்குப் பக்கத்தில் மக்கள் என்ன எழுதுகிறார்கள், யார் எழுதுகிறார்கள், எழுதுகிற மருமகளை மருத்துவர் எப்போதாவது உள்ளே அழைத்துப் பேசியிருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்து, கேள்வித்தாள். "உங்கள் பதிவுகள் பயனுள்ளவையாக இருக்கின்றனவா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காக. அதற்குப் பதிலாக, கடைசியாக நோட்டைக் காட்டிய நாளைப் பற்றிக் கேளுங்கள். டாக்டர் கையில் வாங்கினாரா, மேசையில் வைக்கச் சொன்னாரா? எத்தனை பக்கம் புரட்டினார்? அதைப் பார்த்தபின் மாத்திரை மாறியதா? மாறவில்லை என்றால் ஏன் என்று சொன்னாரா? எழுதுவதை நிறுத்திவிட்டவர்களை விட்டுவிடாதீர்கள். "காட்டினேன், பார்க்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்" என்று சொல்பவர் உங்கள் ஆய்வுக்கு மிக முக்கியமான சாட்சி.

மேசையின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். காலை ஓ.பி.யில் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடியாத மருத்துவர், மூன்று மாதக் கணக்கை எப்படிப் படிப்பார்? அவருக்கு எந்த வடிவத்தில் கொடுத்தால் உதவும்? வீட்டுக் கருவியை அவர் நம்புகிறாரா? எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைத்தான் சொல்லும், நடுவில் நடந்த ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப நோட்டைப் பயன்படுத்துகிறாரா? நர்ஸ், மருந்தாளுநர், வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர் ஆகியோரையும் கேளுங்கள். பல நேரம் நோட்டை உண்மையில் படிப்பவர்கள் அவர்கள்தான்.

ஒப்பிட்டுப் படிக்க ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடல் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. இரு குழுவினருக்கும் ஆலோசனை ஒன்றுபோலவே கிடைத்தது. உடல் அசைவை அளக்கும் கருவியை அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாமல் தங்கள் உணவையும் உடற்பயிற்சியையும் தாங்களே பதிந்து வந்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். மேலே வேலந்தாவளம் வாசகிக்குச் சொன்ன இங்கிலாந்து ஆய்வை இதனோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே அளவு மருத்துவரின் கைக்குப் போனது, மருந்து மாறியது, அழுத்தம் இறங்கியது. அளப்பது ஒன்று, அளந்ததை வைத்து யாரோ ஒருவர் முடிவெடுப்பது இன்னொன்று. இரண்டாவது நடக்கிறதா என்பதுதான் உங்கள் ஆய்வின் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊருக்கென்று இருக்கும் ஒரு சிக்கலை மறக்காதீர்கள். இங்கே ஒரே குடும்பம் சளிக்காய்ச்சலுக்குப் பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையத்துக்கும், இதயத்துக்குக் கோவைக்கும், கண்ணுக்குப் பொள்ளாச்சிக்கும் போகிறது. கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் நோய் விவரங்களை 'ஷைலி' செயலியில் பதிகிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தனியே பதிவு வைத்திருக்கிறது. ஒரு மாநிலத்தின் பதிவு மறு மாநில மருத்துவரின் மேசையில் திறந்ததை நான் இதுவரை கண்டதில்லை. வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போவது அந்த நோட்டுதான். எந்த எண் எந்தப் பக்கம் போய்த் தொலைந்தது என்று நீங்கள் நான்கு குடும்பங்களையாவது பின்தொடர்ந்து எழுதினால் இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைக்கும் அது வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு முன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளைப் படியுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழ் பேசுவோருக்குத் தமிழில் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சியின் முன் வாசித்துக் காட்டுங்கள். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்தால் பெயரும் தொலைபேசி எண்ணும் தெரியாதபடி மறைத்துவிட்டு எடுங்கள். யாருக்காவது அளவு ஆபத்தாக இருப்பதைக் கண்டால் ஆய்வாளர் என்று ஒதுங்கி நிற்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதற்கான ஏற்பாட்டை முதலிலேயே எழுதி வையுங்கள். என் கிளினிக்கில் வருகிறவர்களிடம் பேச விரும்பினால், அனுமதிக் கடிதத்தோடு வாருங்கள், ஏற்பாடு செய்து தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 58. துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய வாட்ச், இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாக இரண்டு முறை எச்சரித்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பொருட்படுத்த வேண்டுமா?
- வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: ஐயா, பொருட்படுத்துங்கள், பயப்பட வேண்டாம். வாட்சின் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் துடிப்பைக் கணிக்கிறது. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையைத்தான் அது சந்தேகிக்கிறது. அந்த நிலையில் இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்ச் வைத்திருந்த 4,19,297 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம். அவர்களில், பின்னர் நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு அந்த நிலை உறுதியானது. மற்றவர்களுக்கு வாட்ச் பொய் சொன்னது என்று கொள்ளக் கூடாது. இது வந்து வந்து போகும் நோய், பட்டை ஒட்டிய வாரத்தில் வராமல் இருந்திருக்கலாம். பட்டை ஒட்டியிருந்த நேரத்திலேயே வாட்ச் எச்சரித்தபோது, 84 சதவீதம் சரியாக இருந்தது.

இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் போய் இ.சி.ஜி. எடுங்கள். எச்சரிக்கை வந்த தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்சில் இ.சி.ஜி. வசதி இருந்தால் அந்தப் பதிவை அச்செடுத்துக் கொண்டு போங்கள். போனைக் காட்டி விரலால் தள்ளிக்கொண்டிருந்தால் மருத்துவர் பார்க்க மாட்டார், தாளைப் பார்ப்பார். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்பதை அவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். டென்மார்க்கில் 6,004 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2021இல் வந்தது. தோலுக்கடியில் கருவி வைத்துத் தேடியதில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இந்த நோய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பேரிடம் தென்பட்டது, ஆனால் பக்கவாதம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. அதனால் ஒவ்வொரு சிறு துடிப்புக் கோளாறுக்கும் மருந்து கொடுத்துவிட மாட்டார்கள். நீங்களாக ஆஸ்பிரின் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்து வியர்த்தால் வாட்ச் என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் மோதிரம் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், வடகரப்பதி

பதில்: வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் தான் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. தவறான அளவை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. பதினான்கு நாள் கையில் ஒட்டும் சென்சார் வேறு. அதில் தோலுக்கடியில் மெல்லிய இழை போகிறது.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் 94 காட்டுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறார். கருவி சரி என்றால் கவலை இல்லையா?
- வாசகி, எருத்தேம்பதி

பதில்: மூச்சு வாங்கினால் கவலை உண்டு, அழைத்துப் போங்கள். விரலில் மாட்டும் அந்தக் கருவி ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. கருத்த தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். வெயிலில் நின்று உழைத்துக் கருத்த மக்கள் நாம். இது நம் வீட்டு வாசலில் இருக்கும் விஷயம். நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இவையும் அளவைக் கெடுக்கும். ஒரே எண்ணைவிட, வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள், அம்மா ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேசி முடிக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: தினம் 10,000 காலடி நடந்தே ஆக வேண்டுமா? அப்பாவுக்கு வயது 70, முடியவில்லை என்று மனம் உடைகிறார்.
- வாசகர், கோபாலபுரம்

பதில்: வேண்டாம். அந்த எண் மருத்துவத்திலிருந்து வரவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. சராசரி வயது 72 உள்ள பெண்கள் 16,741 பேரைக் கவனித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. அப்பா இப்போது நடப்பதோடு காலையில் ஒரு தெரு தூரம் கூடுதலாக நடக்கட்டும்.

கேள்வி: ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து எங்கள் நோய் விவரத்தைப் போனில் பதிந்து போனார். என் மகன் வேலை செய்யும் நிறுவனமும் ஓர் உடல்நலச் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது. இந்த விவரமெல்லாம் எங்கே போகும்?
- வாசகர், பாலக்காட்டுச் சித்தூர்

பதில்: ஐயா, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆஷா பணியாளர் பதிவது, முப்பது வயது தாண்டியவர்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் அபாயம் உள்ளவர்களைக் கண்டறிந்து பரிசோதனைக்கு அழைப்பதற்காக. அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், மறைத்தால் இழப்பு உங்களுக்கே. சொன்ன விவரம் யார் கைக்குப் போகும், பரிசோதனைக்கு எப்போது அழைப்பு வரும் என்று கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண், அதாவது நம் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் எண், விருப்பத்தின் பேரில் எடுப்பது. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. எடுத்தால், எந்த மருத்துவமனை எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்பதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். மாநில எல்லையில் வாழும் நமக்கு அது ஒழுங்காக நடந்தால் பெரிய உதவி என்றே நான் நினைக்கிறேன்.

நிறுவனத்தின் செயலி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சம்பளம் கொடுப்பவருக்கு ஊழியரின் தூக்கமும் சர்க்கரையும் மாதவிடாயும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தவறைத் திருத்தவும், தரவை அழிக்கவும் கேட்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. மகன் நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பட்டும். பதிவை நிறுவனத்தில் யார் பார்ப்பார்கள்? காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகுமா? வேலையை விட்டால் அழிப்பார்களா? பதில் எழுத்தில் வரும்வரை செயலியைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்த பதிலை எனக்கு அனுப்பினால், பெயர்களை நீக்கிவிட்டு இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் சில கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன.